இழை விட்ட துணி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தார்களே, அந்தப் புண்ணியவான்கள் வீட்டைக் காலி பண்ணிப் பார் என்று ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். குட்டிக்கு மூன்று நாளாக இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. ஐம்பதைத் தொடப்போகிறாள், பல் செட் செய்யும் பட்டறையில் அவள் கைக்குக் கீழே நாலு பேர் வேலை பார்க்கிறார்கள், ஆனாலும் அந்த வீட்டுக்குள் கால் வைத்தால் அவள் குட்டிதான். அம்மா இருந்தவரை அப்படிக் கூப்பிட இரண்டு வாய் இருந்தது. இப்போது அப்பாவின் வாய் ஒன்றுதான்.

அம்மா போனபிறகு அப்பாவைத் தனியாக விட முடியவில்லை. கண்ணில் புரை, காலில் வீக்கம், அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற நினைவும் இல்லை. என்னோடு வந்துவிடுங்கள் என்று கேட்டபோது பெரிய மல்லுக்கட்டு நடக்கும் என்று எதிர்பார்த்தாள். அப்பா ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

"வீடு என்னம்மா வீடு, நாலு சுவர். எனக்கு இடம் வேற ஒண்ணு இருக்கு, என் பிள்ளை பக்கத்துல. அதுவரைக்கும் எங்க இருந்தா என்ன" என்றார்.

பிள்ளை என்றால் அண்ணன். அண்ணன் கல்லறைக்குள் போய் நாற்பது வருடம் ஆகிவிட்டது. பக்கத்தில் ஓர் இடத்தை அப்பா தனக்காக அப்போதே கேட்டு வைத்திருந்தார். அந்த ஓர் இடம் இருக்கிற தைரியத்தில்தான் மனிதர் இத்தனை வருடம் தூங்கி எழுந்தார். அதைக் கெடுக்கிற மாதிரி ஒன்று அந்த வீட்டில், அம்மாவின் கட்டிலுக்கடியில், இத்தனை காலமும் பூட்டிக் கிடந்தது என்று குட்டிக்கு எப்படித் தெரியும்?

டிரங்குப் பெட்டி. சாவி அம்மாவின் சாவிக்கொத்தில்தான் இருந்தது, ஆனால் அம்மா அதைத் திறந்து குட்டி பார்த்ததே இல்லை. உள்ளே மேலாகப் பழைய கம்பளி, அதற்குக் கீழே ஒரு போர்வை மூட்டை. மூட்டையைப் பிரித்ததும் கஞ்சி வாடையும் பாச்சை உருண்டை வாடையுமாகக் கிளம்பியது. சட்டைத்துணி. தைக்காத துணி. வெள்ளையில் இரண்டு நீலக் கோடு, நடுவில் ஒரு சாம்பல் கோடு, மறுபடி இரண்டு நீலம். ஒரு சாண் தள்ளிப் பார்த்தால் சாம்பல் இழை இல்லாமல் நீலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒட்டலைப் பார்த்ததும் குட்டி பெட்டி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இந்தத் துணியின் கதை அந்தக் குடும்பத்துக்கே பெரிய கூத்து. அப்பா மில்லில் தறி மேஸ்திரி. தறியில் கை வைத்தால் பிசகே வராது என்று பெயர் எடுத்தவர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, ஒரு தடவை அவர் பூட்டிக் கொடுத்த பாவில், நீளவாட்டு நூலில், சாணுக்கு ஒரு சாம்பல் இழை விட்டுப்போய்விட்டது. முழுக்கட்டு ஓடி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. கோணல் துணியை மில் வெளியே விற்குமா? கட்டை அப்படியே அவர் தலையில் கட்டிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டுக்கொண்டு தரை துடைக்கப் போட்டிருப்பார்கள். அப்பாவுக்கு ரோஷம். தான் செய்த தப்பைத் தானே போட்டுக்கொண்டு திரிவது என்று முடிவு கட்டிவிட்டார்.

தான் மட்டும் போட்டுக்கொண்டால் பரவாயில்லை. வீடே போட்டது. அப்பாவுக்குச் சட்டை, அண்ணனுக்குச் சட்டை, அவர்களோடு இருந்த அம்மாவின் தம்பிக்குச் சட்டை, குட்டிக்குக் கவுன், தலையணைக்கு உறை, ஜன்னலுக்குத் திரை. மாமா அந்தச் சட்டையோடு ஜன்னல் பக்கத்தில் நின்று, "அக்கா, நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடி" என்று கேட்பான். மாமாவின் முன்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல சந்து. அதன் வழியாக அவன் விசிலடித்தால் தெருமுனை வரை கேட்கும். குட்டிக்கு உலகத்திலேயே பிடித்த ஆள் அவன்தான்.

அண்ணனுக்கு மட்டும் அந்தத் துணி ஆகவில்லை. பத்தொன்பது வயது. தெருவில் போகும்போது யாரும் சிரிக்கக் கூடாத வயது.

"பேண்டு வாத்தியக் கோஷ்டி மாதிரி குடும்பத்தோட ஒரே சட்டை போட்டுட்டு நான் வரமாட்டேன்" என்றான்.

"என் கை பட்ட துணி உனக்குக் கேவலமா போச்சா?"

"கேவலமான துணியைத்தானே உங்க தலையில கட்டினாங்க."

அன்று சாயந்திரம் அப்பா கையை ஓங்கினார். அண்ணன் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான், பிறகு எப்போது வெளியேறினான் என்று யாரும் பார்க்கவில்லை. "நான் போய்க் கூட்டிட்டு வரேன்க்கா" என்று மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். இரண்டு பேருமே அன்று திரும்பவில்லை.

ஊருக்கு வெளியே தண்ணீர்த் தேக்கத்தில் கோடு போட்ட சட்டையோடு ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது என்று ஒரு வாரம் கழித்துத் தகவல் வந்தது. அப்பா போனார். முகம் முகமாக இல்லை. ஆனால் சட்டை இருந்தது. வெள்ளையில் நீலக்கோடு, ஒரு சாண் விட்டு ஒட்டல். அந்தத் துணி உலகத்திலேயே அந்த வீட்டைத் தவிர எங்கும் கிடையாது. அப்பா ஆமாம் என்றார், என் பையன் என்றார், கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் அவர் ஒன்றையே சொன்னார். இன்றுவரை அதைத்தான் சொல்கிறார். "கோவிச்சுட்டுதான் போனான். ஆனா போகும்போது என் துணியை எடுத்துப் போட்டுக்கிட்டுதான் போனான்."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் நாற்பது வருடம் கரையேறி நிற்கிறான் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். பிள்ளை அப்பனை மன்னித்துவிட்டுத்தான் செத்தான். அதற்கு அந்தச் சட்டைதான் சாட்சி.

குட்டி துணியை மடியில் போட்டு விரித்தாள். உள்மடிப்பிலிருந்து துண்டுகள் சரிந்து விழுந்தன. வெட்டிய துண்டுகள். முன்பக்கம் இரண்டு, முதுகு, காலர் பட்டி, கை இரண்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்துத் துணியில் பழுப்பாக ஊறியிருந்தது. டெய்லர் வெட்டியது வெட்டியபடி இருந்தது, எங்கேயும் தையல் ஊசி ஏறிய ஓட்டை கிடையாது. யாருடையது என்று யோசித்துக்கொண்டே இரண்டு கைத்துண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள்.

ஒரு கை இரண்டு விரல் அளவு குட்டையாக இருந்தது.

அண்ணன் சின்ன வயதில் சுவரிலிருந்து விழுந்து இடது முழங்கையை உடைத்துக்கொண்டவன். எலும்பு கோணலாகக் கூடி, அந்தக் கை முழுதாக நீளாது. அதனால் டெய்லர் அவனுக்கு மட்டும் இடது கையைக் குறைத்து வெட்டுவார். முழுக்கைச் சட்டையில் அந்தக் குறை வெளியே தெரியக்கூடாது என்று அண்ணன் பக்கத்திலேயே நின்று அளவு சொல்வான். அந்த வீட்டில் வேறு யாருக்கும் குட்டைக் கை கிடையாது.

அப்படியென்றால் அண்ணனுடைய சட்டை தைக்கப்படவே இல்லை. தைக்காத சட்டையை எப்படிப் போட்டுக்கொண்டு போனான்?

உண்மை ஒரேயடியாக வந்து தலையில் விழவில்லை. ஒவ்வொன்றாக வந்தது. அண்ணன்தான் டெய்லரிடம் தைக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பான். டெய்லர் துண்டுகளை அம்மாவிடம் கொடுத்திருப்பார். அப்பா கேட்டால் வீடு இரண்டுபடும் என்று அம்மா, "தைச்சு வந்தாச்சு, அவன் பெட்டியில இருக்கு" என்று ஒரு பொய் சொல்லியிருப்பாள். அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்கிற எந்தத் தாய்தான் அப்படிப் பொய் சொல்லவில்லை? அந்தப் பொய்யை நம்பித்தான் அப்பா உடலைப் பார்க்கப் போயிருக்கிறார்.

அப்போது கல்லறையில் இருப்பது யார்? அந்தத் துணியில் சட்டை வைத்திருந்த ஆண்கள் மூன்று பேர். ஒருவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து தன் மருந்து டப்பாக்களைத் தடவித் தடவி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒருவன் தைத்துக்கொள்ளவே இல்லை.

மாமா.

மாமா கப்பல் வேலைக்குப் போய்விட்டான் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். "நீங்க எல்லாம் வெளிய போயிருந்த நேரத்துல வந்தான். பையனைக் கூட்டிட்டு வர முடியலன்னு சொல்லி அழுதான், துணிமணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்" என்று, சட்டையோடு உடல் ஒதுங்கிய தகவல் வந்ததும், அப்பா கிளம்புமுன் அம்மா சொன்னாள். அவன் வந்ததைப் பார்த்தவள் அம்மா ஒருத்திதான். நாற்பது வருடமும் அவனைக் கரித்துக் கொட்டியவளும் அவள்தான். நன்றி கெட்டவன், ஒரு கடிதம் உண்டா, ஒரு தகவல் உண்டா, அக்கா செத்தாளா பிழைத்தாளா என்று கேட்டானா? அந்த வீட்டில் யாரும் விசிலடிக்கக் கூடாது. ஒருமுறை பால்காரர் விசிலடித்துக்கொண்டு வந்ததற்கு அம்மா பாத்திரத்தை நழுவவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கல்லறைக்குப் போனாலும் அதே பாட்டுதான். பூவை வைத்துவிட்டு, மண்ணைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, "பாவி, இப்படிப் பண்ணிட்டானே, ஒரு பூ வைக்கக்கூட வரலையே" என்பாள். குட்டியும் சும்மா இருந்தாளா? மாமா மேல் வைத்திருந்த பாசம் முழுவதும் கோபமாகத் திரும்பி, அவளும் கூடச் சேர்ந்து திட்டுவாள். "எங்க தின்னு கொழுத்துட்டு இருக்கானோ" என்று ஒருமுறை சொன்னாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. ஆறடி மண்ணுக்குக் கீழே அவன் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்க, மேலே நின்று இரண்டு பேரும் அவனைத் திட்டியிருக்கிறார்கள்.

அறை பகல் வெளிச்சத்தில்தான் இருந்தது. ஆனாலும் குட்டிக்கு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அங்கே யாரோ கோடு போட்ட சட்டையோடு நின்று, நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடி என்கிற மாதிரி. பல் செட் செய்கிறவள் அவள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் வாயைப் பார்த்தே பிழைத்தவள். யாராவது ஒரே ஒருவர் அன்று அந்த வாயைத் திறந்து முன்பல் சந்தைப் பார்த்திருந்தால் போதுமே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா ஏன் மறைத்தாள் என்பதும் புரிந்தது. இரண்டு பேர் போனார்கள், ஓர் உடல் வந்தது. அது மாமா என்றால் அடுத்த கேள்வி என்ன? கூட இருந்த பையன் எங்கே, அவன் என்ன செய்தான்? செத்தவனை யாரும் தேட மாட்டார்கள். பிள்ளையைத் தேடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அவனைச் செத்தவனாக்கினாள், கூடப்பிறந்தவனை அவன் பெயரில் புதைத்தாள். அண்ணன் உண்மையில் ஏதாவது செய்தானா, தண்ணீரில் மாமாவுக்குக் கால் வழுக்கியதா, அது அம்மாவுக்கே தெரிந்திருக்காது. தெரியாமல்தான் பயந்திருப்பாள்.

துண்டுகளை மூட்டை கட்டிக் குப்பையில் போட்டிருக்கலாம். போட்டிருக்க வேண்டும் என்று பின்னால் குட்டி ஆயிரம் தடவை நினைத்தாள். அப்போது அவள் வேறு கணக்குப் போட்டாள். அண்ணன் உயிரோடு இருக்கலாம். எங்கோ ஓர் ஊரில் அறுபது வயது ஆளாக, பேரப்பிள்ளையோடுகூட இருக்கலாம். இதைக் கேட்டுச் சந்தோஷப்படாத அப்பன் உண்டா? சட்டை பெரிதா, பிள்ளை பெரிதா? மாமாவின் பெயரில் ஒட்டிய கறையும் போய்விடும். நல்ல செய்தி கொண்டுபோகிற நினைப்பில்தான், சத்தியமாக அந்த நினைப்பில்தான், துண்டுகளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

"அப்பா, கையை நீட்டுங்க."

அப்பாவுக்குக் கண் மங்கலே தவிர விரல் மங்கவில்லை. துணியைத் தொட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம துணி. மிச்சம் வெச்சிருந்தாளா உங்கம்மா?" என்று கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "அந்தக் காலத்துப் பருத்தி. பாரு, இன்னும் தெம்பு போகல. தப்பு இருந்ததே தவிர துணியில குறை இல்லம்மா."

"வெட்டின துணிப்பா. சட்டைக்கு வெட்டினது. கைத்துண்டு ரெண்டையும் பாருங்க."

அவர் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தார். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து நீவிக்கொண்டே போனார். ஒரு துண்டு முடிந்த இடத்தில் விரல் நின்றது. திரும்பவும் மேலிருந்து ஆரம்பித்து நீவினார். மூன்றாவது முறை நீவவில்லை.

"தைக்கவே இல்லையா?"

"இல்லப்பா."

"அப்ப அவன் போடல."

"அப்பா, அது இல்லப்பா விஷயம். அண்ணன் அன்னைக்குச் சாகல. அவன் உயிரோட இருக்கலாம்."

"போடலையே அவன்" என்றார் அப்பா.

தான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லையோ என்று குட்டி நினைத்தாள். கேட்டிருந்தது. பிறகு அவர் பேசினார், குரலில் அழுகை இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"முகம் இல்லன்னு சொல்லித்தான் போர்வையை விலக்கினாங்க. வேற எந்த அப்பனா இருந்தாலும் கையைப் பார்த்திருப்பான். உடைஞ்ச கை, நானே தூக்கிட்டு ஓடின கை. நான் துணியைப் பார்த்தேம்மா. இழை விட்ட இடம் வருதான்னு பார்த்தேன். வந்துது. போதும்னு திரும்பிட்டேன்."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? அம்மா சட்டை வந்தாச்சுன்னு சொல்லியிருக்காங்க."

"அங்க இருக்கிறது உங்க மாமனா?"

"ஆமாப்பா."

"அவளே அவனைத் தினம் திட்டினாளே."

"உங்க காதுல விழணும்னு திட்டியிருக்காங்க. அண்ணனை யாரும் தேடிப் போகக் கூடாதுன்னு."

அப்பா தலையாட்டினார். "நான்தான் தேடிப் போயிருப்பேன். போலீஸ் கேக்கிறதுக்கு முந்தி நான் கேட்டிருப்பேன், என் மச்சானை என்னடா பண்ணேன்னு. அவளுக்கு என்னைத் தெரியும்."

துண்டுகளை அவர் திருப்பித் தரவில்லை. தட்டில் போட்ட சோற்றைத் தொடவும் இல்லை. குட்டி தன்னையே திட்டிக்கொண்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது யார்? விடிந்தால் சரியாகிவிடும், புது வீடு, புது இடம், பேரன் பேத்தி சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் லாரி வந்தது. பீரோ, கட்டில், அம்மாவின் தையல் மெஷின், பாத்திர மூட்டைகள் எல்லாம் ஏறின. வீடு காலியாகக் காலியாகப் பேசினால் எதிரொலித்தது. கடைசியாக முன்னறையில் ஒரு மர நாற்காலி மட்டும் இருந்தது. அதில் அப்பா உட்கார்ந்திருந்தார். அதைச் சுவரோரத்திலிருந்து தானே இழுத்து, தெருக்கதவைப் பார்த்தமாதிரி போட்டிருந்தார்.

லாரிக்காரர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "பெரியவரே, இந்த நாற்காலி ஒண்ணுதான் பாக்கி."

"இது இருக்கட்டும்" என்றார் அப்பா.

"அப்பா, எழுந்திருங்கப்பா. நேரமாகுது."

"நான் வரலம்மா."

"என்னப்பா இது, நீங்களே சரின்னு சொன்னீங்களே."

"அப்ப அவன் செத்திருந்தான். எங்க இருந்தாலும் ஒண்ணுதான்னு நினைச்சேன்." அவர் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உயிரோட இருந்து தேடி வந்தான்னா இந்த வீடு ஒண்ணுதானே அவனுக்குத் தெரியும். பூட்டிக் கிடந்தா திரும்பிப் போயிட மாட்டானா?"

"நாப்பது வருஷமா வராதவன்பா."

"நாப்பது வருஷமா நான் எதிர்பார்க்கலையே."

பக்கவாதம் வந்தபோதுகூட அம்மா ஊர் விட்டு ஊர் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது குட்டிக்கு நினைவு வந்தது. வெளியூர்க் கல்யாணம் எதற்கும் அவள் போனதில்லை. தபால்காரர் சத்தத்துக்கு எழுந்து போகிறவள் அவள்தான். பயத்தினால் மட்டும் அவள் அதை மறைக்கவில்லை. செத்தவனுக்காக அழுது தீர்க்கலாம், காணாமல் போனவனுக்காக அழுதாலும் தீராது என்று தெரிந்து, அப்பாவுக்குச் சாவைக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்திருப்பதைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டாள். அவள் தனியாகச் சுமந்ததை நேற்று மகள் கொண்டுபோய் எண்பத்திரண்டு வயதுக் கிழவர் மடியில் வைத்துவிட்டாள், அதுவும் நல்ல செய்தி என்று.

லாரிக்காரரிடம் கட்டிலையும் அடுப்பையும் இறக்கச் சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். அது முடிந்து லாரி போன பிறகு குட்டி பட்டறைக்குப் போன் செய்து, இன்னும் சில நாள் வரமாட்டேன் என்றாள். எத்தனை நாள் என்று கேட்டார்கள். தெரியாது என்றாள்.

சாயந்திர வெயில் தரையில் இறங்கியிருந்தது. முன்னறையில் உட்கார வேறு எதுவும் இல்லாததால் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் மடியில் அந்தக் குட்டைக் கைத்துண்டு இருந்தது.

தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. நிதானமான நடை, வயதானவர் நடை. சத்தம் நெருங்கி வந்து வாசலுக்கு நேரே ஒரு கணம் மட்டுப்பட்டது. அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார்.

சத்தம் தாண்டிப் போயிற்று. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். அவர் கீழே விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளக் கை நீட்ட வேண்டும் என்றுகூடக் குட்டிக்குத் தோன்றவில்லை. அவளும் எழுந்து வாசலுக்குப் பாதி தூரம் போய் நின்றுகொண்டிருந்தாள்.